மேல் கையில் நாலு விரல்

1

பினாங்கில் எங்கள் ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆங்கில வருஷம் பிறக்கும்போது என் மகன் சுந்தரம் அதிலுள்ள பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பான். கல்யாணப் படங்கள் அல்ல. அந்த வருஷம் அவன் நேரில் போய் எடுத்த மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம், சீனர் கோயில் கூத்து, நம்மவர்களின் பஜனை, பாட்டுக் கச்சேரி ஆகியவற்றில் அவனுக்கு மிகவும் பிடித்தவை. தெருவில் போகிற எல்லா ஜனங்களும் நின்று பார்ப்பார்கள்.

இந்த வருஷம் நடுவில் வைத்திருப்பது பங்சாவான் பாட்டுக்காரி ஒருத்தியின் படம். முகம் தெளிவாக இருக்கிறது. தூக்கிய கை மட்டும் கலங்கியிருக்கிறது.

"கை அசைந்துவிட்டதே, இதையா நடுவில் வைத்தாய்?" என்றேன்.

"அதுக்காகத்தான்பா வெச்சேன். பாடுறவ கை சும்மா இருக்குமா?" என்றான். பிறகு, "நீங்களும் ஊர்ல ஒரு வருஷம் பூரா கச்சேரி கச்சேரியா எடுத்தீங்களே, அதுல உங்களுக்கு பெஸ்ட் எது?" என்று கேட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பேத்தி சரோஜாவைக் கான்வென்டிலிருந்து அழைத்து வருவது இப்போது என் உத்தியோகம். வழியில் புதிதாக ஒரு டீக்கடை வந்திருக்கிறது. கடைக்காரர் ஏகாம்பரம் வாலாஜாபாத்துக்காரர் என்று கேள்விப்பட்டு அன்று உள்ளே நுழைந்தேன். நம் பக்கத்துப் பேச்சு காதில் விழ வேண்டும் என்பதற்காகவே டீ குடிக்கிறவன் நான்.

கல்லாவுக்குப் பின்னால், மரச்சட்டம் போட்டுப் பூ வைத்து, ஒரு காலண்டர் படம் மாட்டியிருந்தது. தேதித் தாள்கள் எப்போதோ போய்விட்டன. பின்னால் ரிஷப வாகனத்தில் சுவாமி. முன்னால் நின்று நாயனம் வாசிக்கிற ஒருவர். நாதஸ்வரத்தை எங்கள் ஊரில் நாயனம் என்றுதான் சொல்வோம். படத்தின் அடியில் 'வாசிக்கும்போதே பிடித்த படம்' என்று அச்சிட்டிருந்தது.

சரோஜா பெஞ்சின் மேல் ஏறி நின்று உற்றுப் பார்த்தாள். "தாத்தா! இது உங்க கைலா!" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துக் கத்தினாள்.

ஏகாம்பரம் சிரித்தார். "தாத்தா கை இல்ல பாப்பா. அவரு பேரு மேநாலு துரைக்கண்ணு. எங்க ஊருப் பக்கம் பெரிய தமாசு அது. நாயனத்துல மேல் கையில மூணு வெரலு, கீழ் கையில நாலு வெரலு வெச்சித்தான் வாசிப்பாங்க. இவரு பாரு, மேல நாலு, கீழ மூணு வெச்சிக்கினு நிக்கறாரு. போட்டோ காட்டிக் குடுத்துட்ச்சி."

"இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"தென்னேரியில இருக்கறாருங்க. சின்னச் சின்ன கோயில்ல வாசிக்கறாரு. புள்ளையும் வாசிக்கறான், நல்லாவே வாசிக்கறான். ஆனா கல்யாணத்துக்கு மேளம் பேச வர்றவன்லாம், 'தம்பி, நீ மேல எத்தினி வெரலு வெப்ப?'ன்னு கேட்டுட்டுத்தான் வெத்தல பாக்கே எடுப்பான்."

சரோஜா விடுவதாக இல்லை. "இல்ல, தாத்தா கைதான். சுண்டுவிரல் பாருங்க, வளைஞ்சிருக்கு."

சிறு வயதில் அப்பாவின் தறியில் அகப்பட்டு என் இடது சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்துவிட்டது. அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இல்லைம்மா. அது வேறு யாருடைய கையோ" என்றேன்.

குழந்தை என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதுதான் உண்மை. அந்தப் படத்தில் முகம் துரைக்கண்ணுவுடையது. கைகள் என்னுடையவை.

2

நான் ஸ்டூடியோ வைத்திருந்தது காஞ்சிபுரம் கிழக்கு ராஜ வீதியில். எஃப்.ஏ. படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சித்திரம் கற்பித்து, பிறகு சென்னையில் ஒரு வெள்ளைக்காரரிடம் போட்டோத் தொழில் பழகியவன். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு ஆசை பிடித்தது. அதுவரை சங்கீத வித்வான்களின் படம் என்றால், பகலில் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, வாத்தியத்தை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்து உட்காரச் சொல்லி எடுப்பதுதான். வாசிக்கிறவரை வாசிக்கும்போதே எடுத்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. அப்போது சீக்கிரம் பதிகிற கண்ணாடித் தட்டுகள் வரத் தொடங்கியிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மூன்று கால் ஸ்டாண்டையும் காமிராப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஊரில் எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் போய் நின்றேன்.

வைகாசி கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் போனேன். ஆழ்வார் பாசுரம் பாடுகிற பிரபந்த கோஷ்டி எதிரில் வரும் என்று இடம் பார்த்து நின்றேன். கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியதில் ஸ்டாண்டு என் கையை விட்டுப் போய், யார் யாருடைய தோள் மேலோ மிதந்து, கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிற்று. அந்தத் தட்டில் பதிந்தது பெருமாளின் குடை ஒன்றுதான். கோஷ்டியில் சேவித்துக்கொண்டு போன கணக்கு வாத்தியார் நாராயணாச்சாரி என்னோடு வேலை பார்த்தவர். மறுநாள் படத்தைப் பார்த்தார். "ஏன் ஓய், குடைக்கா கருட சேவை பண்ணி வச்சிருக்கீர்?" என்றார். படம் போனாலும் பாடல் போகவில்லை. அத்தனை பேர் ஒரே குரலாகப் பாடிக்கொண்டு வருவது, அவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, தரையில் ஊன்றிய என் காலில் தெரிந்தது. அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்தவற்றில் அது ஒன்று.

நாடகக் கொட்டகைக்கும் போனேன். பகல் ஒத்திகை. தகரக் கொட்டகைக்குள் வெளிச்சம் போதாது என்று மருந்துப் பொடியைத் தட்டில் கொட்டிப் பற்ற வைத்தேன். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், பிறகு கொட்டகை முழுக்கப் புகை. ராஜபார்ட் நடிகரின் வெள்ளைப் பட்டெல்லாம் கரி.

"யோவ், ராஜா வேசம் கட்டினவனைக் கரிமூட்டைக்காரனாக்கிட்டியேய்யா!" என்று அவர் கத்தினார்.

ஆர்மோனியக்காரர் துருத்தியை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "சுதி எங்கபா போச்சு?"

"உங்க பொட்டியிலதான் இருக்கும்" என்றார் யாரோ.

"இல்லபா. புகையோட ஓட்டை வழியா மேல போய்ட்ச்சி. அதோ பாரு, போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜபார்ட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன், கரி படிந்த முகத்தோடேயே அவர் ஒரு விருத்தம் எடுத்தார் பாருங்கள், அதை எடுக்க என்னிடம் பொடி மிச்சமில்லை.

மார்கழியில் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் தறியில் உட்காருவதற்கு முன் பஜனை பாடுவார்கள். வெளிச்சம் குறைவு என்பதால் நிறைய நேரம் திறந்து வைத்தேன். கழுவிப் பார்த்தால், பாடினவர் அத்தனை பேரும் ஆவியாகப் போயிருந்தார்கள். ஓரத்தில் ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கின ஒருவர் மட்டும் மீசை மயிர் எண்ணலாம் போலத் தெளிவாக விழுந்திருந்தார். அவர் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டு, "பஜனைக்குப் போறேன் பஜனைக்குப் போறேன்னு இதுக்குத்தான் போனியா? இத்த வூட்லயே செய்யக் கூடாதா?" என்று தெருவே கேட்கக் கேட்டாள்.

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். பாடினவர்களையெல்லாம் அழித்துவிட்டுத் தூங்கினவரைக் காப்பாற்றுகிற கருவியை நம்பித்தான் ஒரு மனிதருடைய பேரைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் துரைக்கண்ணுவின் படம் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது. மாத வரிசைப்படி பார்த்தால் அவர் கச்சேரிதான் முதலில் வரவேண்டும். நான்தான் தள்ளிக்கொண்டே போகிறேன்.

3

இங்கே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கப்பலேறுவதற்கு முன் ஒரு காகிதத்தில் அங்க அடையாளம் எழுத வேண்டும் என்றார்கள். குமாஸ்தா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மச்சம் எதுவும் எடுப்பாக இல்லை. கையை நீட்டச் சொன்னார். நீட்டினதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இடது சுண்டுவிரல் உள்வளைவு. இதைவிட நல்ல அடையாளம் ஆயிரத்தில் ஒருத்தருக்குக் கிடைக்காது சார்" என்று எழுதிக்கொண்டார். அந்தக் காகிதத்தைப் புதுப்பிக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் எவனாவது ஒரு உத்தியோகஸ்தன் அந்த விரலைக் கேட்பான். நான் எடுத்துக் காட்டுவேன். சர்க்காரிடம் மறைக்காத விரலைத்தான் டீக்கடையில் மறைத்தேன்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த மலாய் 'டியாம்' என்ற ஒரே வார்த்தை. அசையாமல் இருங்கள் என்பதற்கு அதைச் சொன்னால் போதும் என்று மகன் சொல்லிக் கொடுத்தான். தவுக்கே என்கிற ஒரு சீன முதலாளியின் வயதான தாயாரிடம், உரக்கச் சொன்னால் புரியும் என்று, 'டியாம்! டியாம்!' என்று இரண்டு தடவை கத்தினேன். 'வாயை மூடு' என்று அதட்டினதாக நினைத்து அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். சுந்தரம் பின்னாலேயே ஓடிக் கும்பிட்டு அழைத்து வந்தான். இப்போது அவன்தான் எல்லாரோடும் பேசுகிறான். வாடிக்கைக்காரரிடம் இங்கிலீஷ், மார்க்கெட்டில் மலாய், என்னிடம் மட்டும் தமிழ். சரோஜாவுக்குச் சோறு 'நாசி' ஆகிவிட்டது. தமிழ் எழுத்துகளை அவள் படம் வரைகிற மாதிரி வரைகிறாள். இருந்தாலும் என் கையை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதானே ரோட்டைத் தாண்டுகிறாள்.

4

துரைக்கண்ணு அப்போது நாற்பது வயதுக்காரர். கறுத்து, மெலிந்து, பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பார். ராஜ வீதியில் பெரிய பட்டுக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், பங்குனித் திருவிழாவில் சுவாமி தம் கடை முன் நிற்கும் காட்சியை, முன்னால் நாயனத்தோடு, காலண்டராகப் போட ஆசைப்பட்டார். வேலையை என்னிடம் கொடுத்தார். நாயனக்காரரை முதல் நாளே வந்து அசையாமல் நின்று கொடுக்கச் சொல்லலாம் என்று துரைக்கண்ணுவிடம் போனேன்.

"வாயில வெச்சிக்கினு ஊதாம நிக்கறதா? அது ஆவாதுங்க ஐயா" என்றார்.

"ஒரு நிமிஷ வேலைதானே?"

"எங்க வூட்ல ஒரு வழக்கம் இருக்குது. நாயனக்காரன் செத்தா, தூக்கறதுக்கு முன்னாடி, அவன் நாயனத்த அவன் வாயில ஒருதரம் வெச்சி எடுப்பாங்க. எங்கப்பாவுக்கு நான்தான் வெச்சேன். அன்னிக்கி ஒரு நாளுதான் அது வாயில இருந்துக்கினு ஊதாம இருக்கணும். உங்களுக்குப் படம் வேணும்னா நான் வாசிக்கறப்ப வந்து எடுத்துக்கோங்க. நான் வாணாங்கல."

எனக்கு அது இன்னும் நல்லதாகப் பட்டது. வாசிக்கும்போதே எடுப்பது என்பதுதானே என் ஆசையே.

அன்று காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. சுவாமி கடை முன் வந்து நின்றார். துரைக்கண்ணு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிலஹரி ராகத்தை எடுத்தார். மேலே ஒரு ஸ்வரத்தில் நின்றார். நின்றார் என்றால், எனக்குச் சங்கீதம் எழுதத் தெரியாது, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். தோளில் சாயத் தண்ணீர் சொட்டுகிற பட்டு நூல் கத்தையோடு போய்க்கொண்டிருந்த ஒருவன் நின்றான். சொட்டிச் சொட்டி அவன் வேட்டியில் சிவப்பாக இறங்குவதை அவன் கவனிக்கவில்லை. கடையில் விலை பேசிக்கொண்டிருந்த தெலுங்குக்கார அம்மாள் விரித்த சேலையைக் கையில் வைத்தபடியே வாசலுக்கு வந்துவிட்டாள். முதலாளி அவளைக் கூப்பிடவில்லை.

சுவாமி தூக்குகிறவர்கள் எப்போதும் அவசரப்படுகிறவர்கள். பாரம் அவர்கள் தோளில் அல்லவா? அன்று கோயில் ஆள் கிளம்பலாம் என்று கை காட்டினார். முன் தண்டில் நின்ற தடித்த ஆள் சொன்னார்: "இருய்யா. அவரு முடிக்கட்டும்."

"தோளு வலிக்குதுன்னு அந்த மூலையில கத்தின?"

"அது அந்த மூலை. நீ சும்மா இருபா."

நான் காமிராவின் மூடியைத் திறந்து மூடினேன். துரைக்கண்ணுவுக்கு ஏழெட்டு முழத் தூரத்தில் நின்றேன். மேல் கையில் மூன்று விரல், கீழ் கையில் நாலு விரல். மேல் கையின் சுண்டுவிரல் எதையும் தொடாமல் காற்றில் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்ததை மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. தட்டில் விழுந்தால் போதும் என்று இருந்தேன்.

5

தட்டில் முகம் விழுந்தது, வாகனம் விழுந்தது, தெரு விழுந்தது. விரல்கள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

"என்னாபா இது, வெரலே இல்ல?" என்றார் முதலாளி. "மேளக்காரனுக்கு வெரலு இல்லாம காலண்டர் போட்டா ஊரு சிரிக்காதா?"

சரி செய்து தருகிறேன் என்றேன். எங்கள் தொழிலில் வெட்டி ஒட்டுவது புதிதல்ல. இறந்துபோனவரின் தலையை வேறொருவர் உடம்பில் ஒட்டி எத்தனையோ வீட்டுக்குப் படம் கொடுத்திருக்கிறேன். ஸ்டூடியோவில் அலங்காரத்துக்காக ஒரு உடைந்த நாயனம் கிடந்தது. அதை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி காமிராவை இயக்குகிற ரப்பர் உருண்டையை அழுத்தினாள். "அவரு இப்பிடியா புடிச்சாரு?" என்று கேட்டாள். "துளை மேல் விரல் இருந்தால் சரிதான்" என்றேன். அந்தக் கைகளை வெட்டி, அவர் படத்தில் ஒட்டி, விளிம்புகளைப் பென்சிலால் மறைத்து, மறுபடியும் படம் எடுத்தேன். முதலாளிக்கு மிகவும் திருப்தி. 'வாசிக்கும்போதே பிடித்த படம்' என்று அடியில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது நான். அந்தப் பேருக்காகத்தானே ஒரு வருஷம் அலைந்தேன்.

அசல் தட்டு வீணாய்ப் போனது என்று, வழக்கம்போல் சோடா உப்பு வெந்நீரில் கழுவி, வெறும் கண்ணாடியாக்கிப் படச்சட்டம் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தக் கண்ணாடி இப்போது எந்த வீட்டில் எந்தச் சாமி படத்துக்கு மேல் இருக்கிறதோ.

காலண்டர் வெளியான சில நாட்களில் துரைக்கண்ணு ஸ்டூடியோவுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"இடது கையக் கொஞ்சம் காட்டுங்க ஐயா."

காட்டினேன். சுண்டுவிரலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"நெனச்சேன். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லிங்க. நான் பொம்மையாட்டம் நிக்க மாட்டேன்னுட்டேன், நீங்க உங்க கையக் குடுத்தீங்க. ஆனா தை மாசம் முதலாளி வூட்டு பூசைக்கு வெளியூரு மேளக்காரங்கல்லாம் வராங்க. அதுக்குள்ள அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா சாக்கு சொல்றான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் நிக்கும்."

"கட்டாயம் சொல்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். வாசிக்கும்போதே படம் பிடிக்கிறவர் என்று அதற்குள் சென்னையிலிருந்துகூட இரண்டு பேர் என்னைத் தேடி வந்திருந்தார்கள்.

தை மாதப் பூசைக்குக் கூடம் நிறைய ஜனம். நான் ஒரு மூலையில் பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். துரைக்கண்ணு வாசிக்க உட்கார்ந்தார். தெற்கேயிருந்து வந்த ஒரு நாயனக்காரர் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார்.

"என்ன அண்ணாச்சி, இது எந்த ஊருப் பாணி? மேல நாலு போட்டிருக்கீக? எங்க ஊருல அடுப்பு ஊதுற பொம்பளைங்கதான் குழலை இப்படிப் பிடிப்பாக."

கூடம் முழுக்கச் சிரித்தது. துரைக்கண்ணு நாயனத்தை மடியில் வைத்தார். என் பக்கம் பார்த்தார். முதலாளியும் திரும்பினார்.

"என்னாபா, நீதான பக்கத்துல நின்னு எடுத்த? அன்னிக்கி அப்பிடித்தான் வாசிச்சாரா?"

நான் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. பெட்டியின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். துரைக்கண்ணு தலைகீழாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குள்ளிருந்தபடியே சொன்னேன்.

"படத்தில் இருக்கிறதுதான் முதலாளி."

துரைக்கண்ணு நாயனத்தைத் துடைத்து, உறையில் போட்டு, முடிச்சுப் போட்டார்.

"ஐயா சொன்னா சரிதான்" என்றார்.

எழுந்து போய்விட்டார். அன்று அவர் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு ராஜ வீதியில் அவர் வாசித்து நான் கேட்கவில்லை. 'மேநாலு' என்ற பேர் அந்தக் கூடத்திலிருந்துதான் வெளியே போயிற்று. அடுத்த வருஷம் சுந்தரம் இங்கே வரும்படி கூப்பிட்டான். மகன் கூப்பிட்டான், போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கப்பலேறினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

6

டீக்கடையில் குழந்தையிடம் பொய் சொன்ன பிறகு இரண்டு மூன்று நாள் வேறு வழியாக அவளை அழைத்து வந்தேன். ரோட்டைத் தாண்டும்போது என் வலது பக்கம் வந்து வலது கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் இடது கைதான் பிடிப்பாள்.

நேற்று அவளோடு மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். சாயங்கால நேரம், கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"ஏகாம்பரம், அந்தப் படத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்றேன்.

"என்னாத்துக்குங்க?"

"இறக்குங்கள், சொல்கிறேன்."

மேஜை மேல் வைத்தார். அதன் பக்கத்தில் என் இடது கையை வைத்தேன். இருந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் ஒருவன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தான். ஏகாம்பரம் அவனைக் கையமர்த்தினார். முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏங்க... அந்த மனுசன் அப்பவே உங்க வெரலத் தொட்டுப் பாத்துட்டுப் போயி, இத்தினி வருசமா யாருகிட்டயும் வாயத் தெறக்கல?"

"திறக்கவில்லை."

"நானே எத்தினி பேருகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கறேன், தெரியுமா?" துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இத்த எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப் போவுது? நான் இங்க டீ ஆத்திக்கினு இருக்கறேன். அங்க இல்ல சொல்லணும்?"

"நான் அப்பவே சொன்னேன்ல, தாத்தா கைன்னு" என்றாள் சரோஜா. படத்திலிருந்த கைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அவரோட கை எங்க தாத்தா?"

கழுவிவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பதில் போதவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது எந்தக் கையையும் பிடிக்கவில்லை.

ஆகவே இந்தப் பத்திரிகை மூலமாக அங்கே சொல்கிறேன். மகன் கேட்ட கேள்விக்கும் பேத்தி கேட்ட கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். அந்த வருஷத்தில் நான் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, பங்குனித் திருவிழாவில் பட்டுக்கடை முன் துரைக்கண்ணு நின்று வாசித்த பிலஹரி. அதற்குப் படம் இல்லை. காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது அந்தக் காலண்டர் இன்னும் சுவரில் இருந்தால், கிட்டப் போய் மேல் கையின் சுண்டுவிரலைப் பாருங்கள். உள்பக்கமாக வளைந்திருக்கும். அது இந்தக் கட்டுரையை எழுதுகிறவனின் விரல். தென்னேரிப் பக்கம் போகிறவர்கள் இதைத் துரைக்கண்ணுவிடம் வாசித்துக் காட்டினால், வேண்டாம் என்று அவர் எழுந்து போனாலும், அவர் மகன் காதில் விழும்படி வாசித்துவிட்டு வாருங்கள். அவனிடம் கல்யாணத்துக்கு மேளம் பேசப் போகிறவர்கள் விரல் கணக்குக் கேட்க வேண்டாம்.

முதலாளி அன்று கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி வாசிக்கவில்லை முதலாளி. மேலே மூன்று, கீழே நாலு. மேல் சுண்டுவிரல் காற்றில் நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.